கால்பந்து தெரிந்த கண்ணுக்கு ரக்பி: முதல் ஆட்டத்தைப் புரிந்து பார்ப்பது எப்படி

தொலைக்காட்சியில் தற்செயலாக ஒரு ரக்பி ஆட்டத்தைக் காணும் கால்பந்து ரசிகருக்கு முதலில் மிஞ்சுவது குழப்பமே. முப்பது பேர் ஓடுகிறார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள், நடுவர் ஊதுகிறார், எதற்காக ஊதினார் என்பது விளங்குவதற்குள் அடுத்த குவியல் தொடங்கிவிடுகிறது. விதிகளை முழுவதும் படித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் அதோடு விட்டுவிடுகிறார்கள். அப்படிப் படிக்க வேண்டியதில்லை. ஒரு கோட்டை மட்டும் மனத்தில் வரைந்துகொண்டால் போதும். ஆட்டத்தின் பெரும்பகுதி தானாகவே பிடிபடும். அந்தக் கோடு எது, அதை எப்படிப் பார்ப்பது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். இங்கே ரக்பி என்பது அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியனைக் குறிக்கிறது. பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக் வேறு விளையாட்டு. அதை இறுதிக்கு முன் ஓரிரு வரியில் தொட்டுச் செல்வோம்.

ஒரே வீட்டிலிருந்து பிரிந்தவை

கால்பந்து தெரிந்தவருக்கு ரக்பி அந்நியமானதன்று என்பதற்கு வரலாறே சான்று. 1863 அக்டோபர் 26 அன்று இலண்டனின் ஃப்ரீமேசன்ஸ் டேவர்ன் என்ற விடுதியில் சில கழகங்களின் பிரதிநிதிகள் கூடி ஃபுட்பால் அசோசியேஷனைத் தொடங்கினார்கள். பள்ளிக்கொரு விதி, ஊருக்கொரு விதி என்று ஆடப்பட்டுவந்த ஆட்டத்துக்குப் பொதுவிதி எழுதுவது அவர்கள் நோக்கம். அந்த ஆண்டு டிசம்பரில் ஏற்கப்பட்ட விதிகளை இன்றைய கால்பந்து ரசிகர் படித்தால் திகைத்துப்போவார். பறந்துவரும் பந்தைக் கையால் பிடித்து, குதிகாலால் தரையில் அடையாளம் இட்டால் தடையில்லாத உதை கிடைக்கும். எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் சென்ற பந்தை முதலில் தொட்டால், கோலை நோக்கி ஓர் உதை கிடைக்கும். கோல் கம்பங்களுக்கு மேலே குறுக்குக் கம்பம் இல்லை. எவ்வளவு உயரத்தில் சென்றாலும் கோல்தான். எல்லாவற்றையும்விட முக்கியமானது: பந்துக்கு முன்னால் நிற்கும் தன் அணி வீரர் எவரும் ஆட்டத்தில் கலந்துகொள்ளக் கூடாது. இவை அனைத்தும் கால்பந்தின் முதல் விதிகள். இவற்றில் பல ரக்பியில் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

பிரிவு எங்கே நேர்ந்தது? பந்தைக் கையில் ஏந்தி ஓடலாமா என்பதும், ஓடுபவரின் கெண்டைக்காலில் உதைக்கலாமா என்பதும்தான் சண்டைக்குக் காரணம். காலில் உதைப்பதற்கு ஆங்கிலத்தில் ஹேக்கிங் என்று பெயர். அதை விலக்கினால் ஆட்டத்தில் வீரமே இருக்காது, ஒரு வாரம் பழகிய பிரெஞ்சுக்காரர்களே உங்களை வென்றுவிடுவார்கள் என்று பிளாக்ஹீத் கழகத்தின் பிரதிநிதி கடுமையாக வாதிட்டார். அவர் வாதம் எடுபடவில்லை, பிளாக்ஹீத் வெளியேறியது. 1871 ஜனவரி 26 அன்று 21 கழகங்கள் கூடி ரக்பி ஃபுட்பால் யூனியனை அமைத்தபோது அந்தக் கழகமும் அதில் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், புதிய சங்கமும் தன் விதிகளில் ஹேக்கிங்கைத் தடை செய்துவிட்டது. எந்த உதைக்காகப் பிரிந்தார்களோ அந்த உதை இரண்டு வீட்டிலும் இல்லாமற்போயிற்று.

ரக்பி என்ற பெயர் இங்கிலாந்தின் வார்விக்‌ஷயரில் உள்ள ரக்பி என்ற ஊரின் பள்ளியிலிருந்து வந்தது. 1823இல் அங்கே வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவர் விதியை மதிக்காமல் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியதால் இந்த ஆட்டம் பிறந்தது என்பது எல்லோரும் சொல்லும் கதை. உலகக் கோப்பைக்கே அவர் பெயர்தான் சூட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தக் கதை அச்சில் வந்தது 1876இல், அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின். எழுதியவரும் அதை நேரில் கண்டவர் அல்லர். வினாடிவினாவில் விடையாகச் சொல்லுங்கள். வரலாறாக நம்ப வேண்டாம்.

பந்தின் வழியே ஒரு கோடு

இப்போது அந்தக் கோட்டுக்கு வருவோம். பந்து எங்கே இருக்கிறதோ அந்த இடத்தின் வழியாக, மைதானத்தின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை, கோல் கோடுகளுக்கு இணையாக ஒரு கோடு செல்வதாகக் கற்பனை செய்யுங்கள். பந்து நகர நகர அந்தக் கோடும் நகரும். ரக்பியில் அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருப்பவர்கள் மட்டுமே ஆட்டத்தில் இருப்பவர்கள். முன்னால் இருப்பவர் பார்வையாளருக்குச் சமம். பந்தைத் தொடவும் எதிராளியைத் தடுக்கவும் அவருக்கு உரிமை இல்லை.

கால்பந்து இதே விதியோடுதான் தொடங்கியது என்று மேலே பார்த்தோம். 1866இல் அதைத் தளர்த்தி, பந்தை வாங்குபவருக்கும் எதிரணியின் கோல் கோட்டுக்கும் இடையே மூன்று எதிராளிகள் இருந்தால் போதும் என்றார்கள். 1925இல் அந்த மூன்று இரண்டாகியது. முன்னோக்கிப் பந்து கொடுப்பது கால்பந்தின் உயிராக மாறியது அப்படித்தான். ரக்பி அந்த வழியில் செல்லவே இல்லை. கால்பந்து ரசிகரின் கண் பந்துக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தைத் தேடிப் பழகியது. ரக்பி பார்க்கும்போது அந்தப் பழக்கத்தைத் திருப்பிப் போட்டு, பந்துக்குப் பின்னால் யார் எத்தனை வேகத்தில் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். என் அனுபவத்தில், புதிதாகப் பார்ப்பவர்களுக்கு இந்த ஒரு மாற்றம் கைவந்துவிட்டால் மற்றவை எளிது.

கையால் பந்தை முன்னோக்கி எறியக் கூடாது என்பது இந்தக் கோட்டிலிருந்து பிறக்கும் முதல் விதி. பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் எறிய வேண்டும். இங்கே நுட்பம் ஒன்று உண்டு. முழு வேகத்தில் ஓடும் வீரர் சரியாகப் பக்கவாட்டில் எறிந்தாலும், அவருடைய ஓட்டத்தின் வேகம் பந்தையும் சற்று முன்னோக்கி இழுத்துச் செல்லும். ஆகவே நடுவர் பார்ப்பது புல்தரையில் பந்து கடந்த தூரத்தை அன்று. வீரரின் கைகளிலிருந்து அது எந்தத் திசையில் புறப்பட்டது என்பதையே. மறு ஒளிபரப்பில் பந்து முன்னால் போவதைக் கண்டு, நடுவர் விட்டுவிட்டாரே என்று கோபப்படும் புதியவர்கள் பெரும்பாலும் இதை அறியாதவர்கள்.

இரண்டாவது, நாக்-ஆன். பந்து கையிலிருந்து நழுவி முன்னோக்கி விழுந்தால் அது தவறு. பின்னோக்கி விழுந்தால் தவறில்லை, ஆட்டம் தொடரும். மூன்றாவது, உதை. பந்தை முன்னோக்கிச் செலுத்த அனுமதிக்கப்பட்ட ஒரே வழி காலால் உதைப்பதுதான். அப்படி உதைக்கும்போதும் உதைப்பவருக்கு முன்னால் நின்ற தோழர்கள் பந்தை நோக்கி ஓடக் கூடாது. உதைத்தவரோ, உதைக்கும்போது அவருக்குப் பின்னால் இருந்த ஒருவரோ தங்களைக் கடந்து செல்லும்வரை காத்திருக்க வேண்டும். உயரே எழுந்த பந்துக்காக அரங்கமே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஓடிவரும் வீரர்கள் யார், கையை உயர்த்திக்கொண்டு நின்றுவிட்டவர்கள் யார் என்று கீழே பாருங்கள். நிற்பவர்கள் கோட்டின் தவறான பக்கத்தில் அகப்பட்டுக்கொண்டவர்கள்.

வீழ்ந்த பின் வரும் சில நொடிகள்

கால்பந்தில் ஒருவர் விழுந்தால் ஆட்டம் நிற்கும். ரக்பியில் ஒருவர் விழும்போதுதான் ஆட்டம் தொடங்குகிறது. இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள்; ஓர் ஆட்டத்தில் நடுவர் ஊதும் ஊதல்களில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் வருகின்றன.

பந்தோடு ஓடுபவரைப் பிடித்துத் தரையில் சாய்ப்பது டேக்கிள். தோள்மட்டத்துக்கு மேலே பிடிப்பதும், கைகளால் அணைக்காமல் தோளால் மட்டும் மோதுவதும் குற்றம். சாய்த்த அந்தக் கணத்திலேயே இருவருக்கும் கடமைகள் தொடங்கிவிடுகின்றன. சாய்த்தவர் பிடியை விட்டு, உருண்டு விலகிப் போக வேண்டும். சாய்க்கப்பட்டவர் பந்தை விட்டுவிட வேண்டும். அதாவது கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கக் கூடாது, தன் அணி இருக்கும் பக்கமாகக் கையை நீட்டிப் பந்தைத் தரையில் வைக்க வேண்டும். மற்றவர்கள் அங்கே வந்து சேரும்போது நின்ற நிலையில், தங்கள் அணியின் பின்பக்கத்திலிருந்து நுழைய வேண்டும். பக்கவாட்டில் பாய்ந்து வருவதற்கு அனுமதி இல்லை.

முதலில் வந்து சேரும் எதிராளிக்கு ஒரு பொன்னான வாய்ப்பு உண்டு. யாரும் தன்னை முட்டித் தள்ளுவதற்குள், காலூன்றி நின்றபடியே குனிந்து, கிடக்கும் பந்தில் கைவைத்து அதைப் பிடுங்கலாம். கீழே கிடப்பவர் விடாமல் பற்றிக்கொண்டால் பிடுங்க வந்தவரின் அணிக்குப் பெனால்டி, அதாவது தவறு நடந்த இடத்திலிருந்து பந்தை ஆடும் உரிமை. இந்த வேலையில் தேர்ந்தவர்களை ஜாக்கல் என்பார்கள். குள்ளநரிதான் அது, பெயர் பொருத்தமாகவே விழுந்திருக்கிறது. ஆனால் இரு அணியிலிருந்தும் ஆளுக்கொருவராவது பந்துக்கு மேலே நின்று ஒருவரையொருவர் தள்ளத் தொடங்கிவிட்டால் அது ரக் ஆகிவிடும். அதன் பிறகு புதிதாகக் கைவைக்க முடியாது, தள்ளியும் காலால் பின்னே ஒதுக்கியும்தான் பந்தை வெல்ல வேண்டும்.

ரக் உருவானதும் நாம் கற்பனையில் வரைந்த கோடு இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வோர் அணிக்கும், ரக்கில் இருக்கும் தன் கடைசி ஆளின் பின்னங்கால் எங்கே இருக்கிறதோ அதுவே எல்லை. மற்ற வீரர்கள் அதற்குப் பின்னால் நிற்க வேண்டும். குவியலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, இந்த நேரத்தில் தற்காக்கும் அணியின் வரிசையைப் பாருங்கள். பந்து வெளியே வருமுன் ஓரடி முன்னே வைத்தவர் மீது நடுவரின் கண் இருக்கும். அந்த வரிசையில் எங்கே ஆள் குறைவு என்று தாக்கும் அணியும் பார்த்துக்கொண்டிருக்கும். ரக்குக்குப் பின் ரக்காக அவர்கள் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டிருப்பது அறியாமையால் அன்று. எதிரணியின் ஆட்களை அங்கே இழுத்துக் கட்டிப்போட்டுவிட்டு, வேறிடத்தில் மூவருக்கு எதிராக இருவர் என்ற நிலையை உண்டாக்குவதற்காகவே.

ஒருவர் பந்தோடு நின்றுகொண்டிருக்க, சுற்றிலும் இரு அணியினரும் பிடித்துத் தள்ளினால் அது மால். பந்து தரையில் இருந்தால் ரக், கையில் இருந்தால் மால் என்று நினைவில் வைத்தால் குழப்பம் வராது.

முதுகில் உள்ள எண்

கால்பந்தில் எண் என்பது விருப்பம். ரக்பியில் அது பதவி. ஆட்டத்தைத் தொடங்குபவர்களில் 1 முதல் 8 வரை முன்வரிசையினர், தள்ளவும் பிடுங்கவும் அமைந்தவர்கள். 9 முதல் 15 வரை பின்வரிசையினர், ஓடவும் உதைக்கவும் அமைந்தவர்கள். எல்லோரையும் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. முதல் பத்து நிமிடங்களுக்கு 9ஆம் எண்ணை மட்டும் பின்தொடருங்கள். ஒவ்வொரு குவியலிலிருந்தும் பந்தை எடுத்துக் கொடுப்பவர் அவரே; பொதுவாக அணியிலேயே உருவில் சிறியவர், வாய் ஓயாதவர். அடுத்த பத்து நிமிடங்களுக்கு 10ஆம் எண்ணைப் பாருங்கள். 9 கொடுப்பதை வாங்கி, ஓடுவதா, எறிவதா, உதைப்பதா என்று முடிவு செய்பவர் அவர். இந்த இருவரின் தீர்மானங்களை இருபது நிமிடம் கவனித்தால் அணியின் திட்டம் ஓரளவு தெரிந்துவிடும். பிறகு 15, கடைசிக் காவலரான அவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பார்த்துத்தான் எதிரணியின் 10 உதைப்பார்.

ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் இரண்டு வழிகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நாக்-ஆன் போன்ற சிறு தவறுகளுக்குப் பிறகு நடப்பது ஸ்க்ரம். எட்டுப் பேருக்கு எட்டுப் பேர் தலைகளைக் கோத்துக்கொண்டு முட்ட, நடுவே பந்து உருட்டப்படும். சர்வதேச அணிகளில் ஒரு பக்கத்து எடை மட்டும் ஏறத்தாழ 900 கிலோ இருக்கும் என்பதால் நடுவர் மூன்று கட்டளைகளைச் சொல்லி நிதானமாகவே அவர்களை மோதவிடுகிறார். ஸ்க்ரம் சரிந்தால் யார் மீது தவறு என்பதில் முன்னாள் வீரர்களே சண்டையிட்டுக்கொள்வார்கள். நாம் வாளாவிருப்பது நல்லது. பந்து பக்கக் கோட்டைத் தாண்டினால் லைன்அவுட். இரு வரிசைகளுக்கு நடுவே நேராகப் பந்து எறியப்பட, தோழர்கள் ஒருவரைத் தூக்கிப் பிடித்து அதை எட்டச் செய்வார்கள். பந்தை நேராக எறிய வேண்டும் என்ற இந்த வழக்கமும் 1863ஆம் ஆண்டின் கால்பந்து விதிகளில் இருந்ததுதான்.

புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பது

எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தினால் டிரை, 5 புள்ளி. அதன் பிறகு இரு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பத்துக்கு மேலே உதைத்தால் கன்வெர்ஷன், 2 புள்ளி. பெனால்டி உதை 3. ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் விட்டு, அது துள்ளும்போது உதைத்து மேலே செலுத்தினால் டிராப் கோல், அதுவும் 3.

டிரை என்றால் முயற்சி. அரும்பாடுபட்டுப் பெறும் உச்சப் புள்ளிக்கு ஏன் முயற்சி என்று பெயர்? தொடக்கத்தில் அதற்குப் புள்ளியே இல்லை. கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தால் கோலுக்கு உதைத்துப் பார்க்க ஒரு முயற்சி கிடைக்கும், அவ்வளவே. 1871 மார்ச் 27 அன்று எடின்பரோவில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் அணிக்கு இருபது பேராக ஆடிய முதல் சர்வதேச ஆட்டத்தில், ஆளுக்கொரு டிரை வீணாய்ப் போக, உதைத்துப் பெற்ற ஒரே கோலால் ஸ்காட்லாந்து வென்றது. பின்னர் டிரையின் மதிப்பு மெல்ல ஏறியது. 1971இல் 4 ஆகி, 1992இல் 5 ஆயிற்று. உதைக்காக இருந்த ஓட்டம் ஓட்டத்துக்காக இருக்கும் உதையாக மாறியது என்று இந்த வரலாற்றைச் சுருக்கலாம்.

கன்வெர்ஷனை எங்கிருந்து உதைப்பது? பந்து தரையில் வைக்கப்பட்ட இடத்துக்கு நேர்கோட்டில், வேண்டிய தூரம் பின்னால் சென்று உதைக்கலாம். அதனால்தான் கோட்டைத் தாண்டிவிட்ட வீரர் உடனே பந்தை வைக்காமல், வளைந்து ஓடிக் கம்பங்களுக்கு நடுவே சென்று வைக்கிறார். அது பகட்டு அன்று. உதைப்பவருக்குக் கோணத்தை எளிதாக்கும் உதவி. இன்னொன்றையும் கவனியுங்கள். கன்வெர்ஷனின்போது உதைப்பவர் பந்தை நோக்கி நகரத் தொடங்கியதும் எதிரணியினர் பாய்ந்து வந்து தடுக்கலாம். பெனால்டி உதையின்போது அவர்கள் அசையக் கூடாது.

புள்ளியைக் கண்டு ஆட்டத்தைக் கணிக்கப் பழகுவது சுவையான பயிற்சி. 2023 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்கா 12, நியூசிலாந்து 11. பன்னிரண்டு என்பது நான்கு பெனால்டி. பதினொன்று என்பது ஒரு டிரையும் இரண்டு பெனால்டியும். ஆக, கோட்டைத் தாண்டிய அணி தோற்றது, தாண்டாத அணி கோப்பையை வென்றது. அந்தத் தொடரின் காலிறுதியில் பிரான்ஸை 29–28 என்றும், அரையிறுதியில் இங்கிலாந்தை 16–15 என்றும் வென்றுதான் தென்னாப்பிரிக்கா இறுதிக்கே வந்திருந்தது. மூன்று ஆட்டம், மூன்று புள்ளி. 1995 இறுதியாட்டம் இன்னும் வறண்டது. இரு அணிகளும் ஒரு டிரைகூட எடுக்கவில்லை. ஆனாலும் கூடுதல் நேரத்தில் ஜோயல் ஸ்ட்ரான்ஸ்கி அடித்த டிராப் கோலும், 6ஆம் எண் பொறித்த பச்சைச் சட்டையில் வந்து கோப்பையை அளித்த நெல்சன் மண்டேலாவும் அதை மறக்க முடியாததாக்கினார்கள்.

நடுவரின் கையும் குரலும்

முதல் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பதே நல்லது, ஒலியைக் குறைக்காதீர்கள். பெரிய ஆட்டங்களில் நடுவர் ஒலிவாங்கி அணிந்திருப்பார். கால்பந்து ரசிகர் ஏங்கும் ஒன்று இங்கே சாதாரணமாகக் கிடைக்கிறது: நடுவர் என்ன நினைத்துத் தீர்ப்பளித்தார் என்பதை அவர் வாயாலேயே கேட்கலாம். காணொளி நடுவரோடு அவர் பேசுவதும் கேட்கும். வீரர்களிடம் அவர் பேசும் தொனியும் கவனிக்கத் தக்கது. பொதுவாக அணித்தலைவர் மட்டுமே விளக்கம் கேட்கலாம்; வாக்குவாதம் செய்தால் பெனால்டி இடம் 10 மீட்டர் முன்னேறிவிடும். 2024 யூரோ கால்பந்தில் அணித்தலைவர் மட்டுமே நடுவரை அணுகலாம் என்று கொண்டுவந்தபோது ரக்பிக்காரர்கள் சற்றுப் பெருமிதத்தோடு சிரித்திருப்பார்கள்.

கைச்சைகைகளில் மூன்று போதும். கை நேராக, சாய்வாக மேலே நீண்டால் பெனால்டி; கை சுட்டும் அணிக்கு அது சொந்தம். முழங்கை மடங்கியிருந்தால் சிறிய தவறுக்கான ஃப்ரீ கிக், அதிலிருந்து நேராகக் கோலுக்கு உதைக்க முடியாது. கை இடுப்பளவில் பக்கவாட்டில் நீண்டிருக்க, ஆட்டம் தொடர்ந்தால் அது அட்வான்டேஜ். இந்தக் கடைசிச் சைகையைப் பழகிக்கொள்ளுங்கள். கால்பந்தில் அட்வான்டேஜ் சில நொடிகளில் முடிந்துவிடும். ரக்பியில் அது நீளும். அந்த நேரத்தில் பந்து வைத்திருக்கும் அணி திடீரென்று துணிச்சலான உதைகளையும் எறிதல்களையும் முயல்வதைக் காண்பீர்கள். தோற்றாலும் பழைய இடத்துக்கே திரும்பிப் பெனால்டி கிடைக்கும் என்பதால் அது இலவசமாகக் கிடைத்த சூதாட்டம்.

மஞ்சள் அட்டை இங்கே வெறும் எச்சரிக்கை அன்று; பத்து நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் பின்வரிசையில் ஓட்டை எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

எந்த ஆட்டத்திலிருந்து தொடங்குவது

இலங்கை வாசகர்களுக்கு விடை வீட்டுவாசலிலேயே இருக்கிறது. அங்கே உதைபந்தாட்டத்துக்கு இணையாகப் பள்ளி ரக்பிக்கும் பெருங்கூட்டம் சேரும். கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் மோதிவரும் பிராட்பி கேடயம் அதில் புகழ்பெற்றது. இரு ஊர்களிலும் ஒவ்வோர் ஆட்டம் ஆடி, இரண்டின் புள்ளிகளையும் கூட்டிக் கேடயத்தை முடிவு செய்வார்கள். ஆகையால் இரண்டாம் ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருக்கும் அணி மகிழ்ச்சியாக இருப்பதைக் கண்டால் வியக்க வேண்டாம்.

மற்றவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் நடக்கும் ஆறு நாடுகள் போட்டியில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆடும் ஆட்டம். காரணம், அதில் வெல்பவர் தூக்கும் கோப்பை நம் மண்ணின் வெள்ளியால் ஆனது. 1873இல் கல்கத்தாவில் ஆங்கிலேயர்கள் ஒரு ரக்பி கழகம் தொடங்கினார்கள். வெயில் ஒருபுறம், போலோவும் டென்னிசும் மறுபுறம் இழுக்க, கழகம் சில ஆண்டுகளிலேயே நலிந்தது. இலவச மதுக்கூடத்தை மூடிய பிறகு உறுப்பினர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கலைக்கும்போது வங்கியில் மிஞ்சியிருந்த 270 வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி, மூன்று நாகங்களைக் கைப்பிடிகளாகவும் ஒரு யானையை மூடியின் உச்சியிலும் அமைத்துக் கோப்பை செய்தார்கள். அதை ரக்பி ஃபுட்பால் யூனியனுக்குக் கொடுத்தார்கள். 1879இல் எடின்பரோவில் அதற்காக நடந்த முதல் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. கல்கத்தா கோப்பை என்றே இன்றும் பெயர்.

வழியில் ரக்பி லீக் ஆட்டத்தைக் கண்டு இதுதான் அது என்று எண்ணிவிடாதீர்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில், ஆட்டத்துக்காக வேலைக்குப் போகாத நாளின் கூலியைத் தொழிலாளி வீரர்களுக்கு ஈடுசெய்ய வேண்டும் என்று கேட்டுப் பிரிந்த வட இங்கிலாந்துக் கழகங்களின் ஆட்டம் அது. அதில் ரக் சண்டை கிடையாது. ஆறு டேக்கிளுக்குள் புள்ளி எடுக்காவிட்டால் பந்து கைமாறும். கூலி கேட்டவர்களை விலக்கிவைத்த யூனியன், சரியாக நூறாண்டு கழித்து 1995 ஆகஸ்டில் தானும் வீரர்களுக்குச் சம்பளம் தர ஒப்புக்கொண்டது.

எண்பதாவது நிமிடம்

கடைசியாகக் கடிகாரம். நாற்பது நிமிடங்களாக இரண்டு பாதி. காயத்துக்கும் ஆலோசனைக்கும் கடிகாரத்தை நிறுத்திவிடுவதால், கால்பந்தைப்போல எத்தனை நிமிடம் கூட்டுவார்களோ என்ற ஊகம் இல்லை. ஆனால் எண்பது நிமிடம் ஆனவுடன் ஆட்டம் முடிவதும் இல்லை. பந்து உயிரோடு இருக்கும்வரை ஆடலாம். பந்து வெளியே போனாலோ, நாக்-ஆன் நேர்ந்தாலோதான் இறுதி ஊதல். அந்நேரத்தில் பெனால்டி கிடைத்தாலும் ஆட்டம் தொடரும். முன்னிலையில் உள்ள அணி பந்தை வெளியே உதைத்துத் தொலைக்கத் துடிக்கும். பின்தங்கிய அணி அதை உயிரைப்போலக் காக்கும்.

பெனால்டி கிடைத்த அணித்தலைவருக்கு வழிகள் பல: கோலுக்கு உதைத்து 3 புள்ளி எடுக்கலாம், பக்கக் கோட்டுக்கு வெளியே உதைத்து லைன்அவுட்டைத் தானே எறியலாம், ஸ்க்ரம் கேட்கலாம், நொடியில் பந்தைத் தட்டிவிட்டு ஓடலாம். இத்தனையும் ஒன்றுசேர்ந்த நிமிடத்தைப் பார்க்க விரும்பினால், 2015 செப்டம்பர் 19 அன்று பிரைட்டனில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தின் கடைசிப் பகுதியைத் தேடிப் பாருங்கள். அதுவரை இருமுறை உலகக் கோப்பை வென்றிருந்த தென்னாப்பிரிக்கா 32, ஜப்பான் 29. அதற்கு முன் உலகக் கோப்பைகளில் ஜப்பான் பெற்றிருந்த வெற்றி ஒன்றே ஒன்று, 1991இல் ஜிம்பாப்வேக்கு எதிராக. நேரம் முடிந்துவரும் வேளையில் எதிரணியின் கோட்டருகே ஜப்பானுக்குப் பெனால்டி. உதைத்தால் மூன்று புள்ளி, சமநிலை. அதுவே அவர்களுக்குப் பெரும் புகழ். பயிற்சியாளர் எடி ஜோன்ஸ் விரும்பியதும் அதையே. அணித்தலைவர் மைக்கேல் லீச் ஸ்க்ரம் கேட்டார்.

கடிகாரம் எண்பதைத் தாண்டியது. ஸ்க்ரம்மிலிருந்து வந்த பந்தை ஜப்பானியர்கள் முதலில் வலப்புறம் கொண்டுசென்றார்கள். தென்னாப்பிரிக்காவின் வரிசையும் அந்தப் பக்கம் குவிந்தது. பிறகு பந்து கைகளினூடே இடப்புறம் திரும்பியது. ஒவ்வொரு எறிதலும் பின்னோக்கித்தான், ஒவ்வொருவரும் கோட்டுக்குப் பின்னாலிருந்து வேகமெடுத்து வந்தவர்தான். கடைசியாக வாங்கிய கார்ன் ஹெஸ்கெத் இடது மூலையில் பாய்ந்து பந்தை வைத்தபோது 34–32. மூலையில் வைத்ததால் கன்வெர்ஷன் கடினமான கோணத்தில் அமைந்தது. உதை தவறிப்போயிற்று, அரங்கில் அதைக் கவனித்தவர்கள் மிகச் சிலரே.